பொடித்தொட்டிக்குள் தட்டுகிறவர்

"வாத்தியாரே, நான் தட்டினா உள்ளாற இருந்து ஆரோ திருப்பித் தட்டறாங்க" என்றாள் பாவாயி.

வாத்தியார் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்கிட்ட வந்து சொல்றீங்களே அக்கா. எனக்குக் காது செத்துப் பல வருசம் ஆச்சே."

"அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். காது கேக்கறவங்ககிட்டச் சொன்னா சிரிக்கறாங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை.

அவர் பெயர் ஓதியப்பன். பாவாயியை விட நாலைந்து வயது இளையவர். பிளாஸ்டிக் கலக்கும் மிஷினோடு இருந்து இருந்து காது போய்விட்டது. வாயசைவைப் பார்த்தே எல்லாப் பேச்சையும் பிடித்துக்கொள்வார். வேலை கற்றவர்கள் எல்லாம் அவரிடம்தான் கற்றார்கள் என்பதால் ஓதியப்பன் என்ற பெயர் மறந்து வாத்தியார் என்றே ஆகிவிட்டது.

"எப்படித் தட்டுது?" என்று கேட்டார்.

பாவாயி பக்கத்தில் கிடந்த தகரப் பெட்டியின் மேல் விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். வேகமாக இரண்டு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு மெதுவாக ஒன்று.

வாத்தியார் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார்.

அவள் தட்டினாள்.

"பொடி விழற சத்தமா இருக்கும் அக்கா."

"பொடிக்கு வீட்டுக் கதவைத் தட்டத் தெரியுங்களா? வேலை முடிஞ்சு வந்தா அவர் இப்படித்தான் தட்டுவார்."

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார்.

கம்பெனி ஒரு சுண்ணாம்புக்கல் குன்றின் அடியில் இருந்தது. குன்றை உடைத்து, கல்லை அரைத்து, கோதுமை மாவைக் காட்டிலும் நைசான பொடியாக்கி லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பொடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கிக் கலப்பதுதான் அங்கே வேலை. கலந்தது இழை இழையாக வெளியே வரும். தண்ணீரில் ஆறும். பிறகு அரிசி அளவுக்குக் குருணையாக வெட்டுவார்கள். சாக்கு நெய்கிறவர்களும் நாற்காலி வார்க்கிறவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

நூற்றுக்கு எண்பது பங்கு பொடி. இருபது பங்குதான் பிளாஸ்டிக்.

இருபது பேர் சேர்ந்து எண்பது பேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற காரியம் அது. கை கொஞ்சம் நழுவினாலும் இழை, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாதிரி, பட்டென்று ஒடியும்.

அங்கே எல்லாம் வெள்ளை. கூரை வெள்ளை. வாசலில் நின்ற வேப்பமரம் வெள்ளை. உச்சி வெயிலில் நிழல்கூட வெளுத்துத் தெரியும். ஆட்களின் புருவமும் இமையும் வெள்ளை. சுவரோரம் நிற்கிறவர் கண்ணை மூடிக்கொண்டால் அங்கே ஓர் ஆள் நிற்பதே தெரியாது.

பொடியைக் கொட்டுவதற்கு ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. இரண்டு ஆள் உயரம். மேலே அகலம், கீழே புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும். ஹாப்பர் என்பார்கள். அடியில் இருந்த சின்ன வாய் வழியாகப் பொடி மிஷினுக்குள் இறங்கும்.

சில சமயம் இறங்காது. நைசான பொடியின் குணம் அப்படி. ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றுவிடும்.

அதற்கென்று பக்கத்தில் ஒரு கொட்டாப்புளி தொங்கியது. அந்த மரச்சுத்தியால் இரும்பின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டால் பொடி இறங்கும். ஹாப்பர் வந்த நாளிலிருந்து எல்லோரும் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தட்டாதவன் வேலை தெரியாதவன்.

பாவாயியின் கணவர் குழந்தைவேல் அந்த ஹாப்பருக்குள்தான் இறந்தார்.

மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். பொடி விளிம்பு வரை நின்றது. கெட்டியாகத்தான் தெரிந்திருக்கும். குத்திவிடலாம் என்று ஒரு காலை வைத்திருக்கிறார். மேலே மட்டும்தான் கெட்டி. அடியில் ஒன்றுமில்லை.

அவர் உள்ளே போனது யாருக்கும் தெரியாது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பொடி இறங்கவில்லை என்று கீழே இருந்தவர்கள் வழக்கம்போல இரும்பைத் தட்டினார்கள்.

பிறகு ஹாப்பருக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். கற்பூரம் காட்டினார்கள். மறுநாள் மிஷின் ஓடியது.

பாவாயிக்கு அங்கேயே வேலை கொடுத்தார்கள். "சாக்கு தைக்கற பக்கம் போயிக்கறீங்களா?" என்று கேட்டார்கள். அவள் ஹாப்பரைக் கை காட்டினாள்.

அது நடந்து மூன்று ஆடி கழிந்துவிட்டது.

"இத்தனை நாள் தட்டலையா?" என்று கேட்டார் வாத்தியார்.

"எப்பவாச்சும் தட்டும். மிஷின் சத்தத்துல எனக்கே சந்தேகமா இருக்கும். போன மாசம் பொடியை எழுபதிலிருந்து எண்பதாக்கினாங்களே, அதிலிருந்து நான் தட்டறப்ப எல்லாம் தட்டறார்."

"நீங்க தட்டாதப்ப?"

"தட்டறதில்லீங்க."

"அதென்ன ஒறம்பரை அக்கா, வீடு தேடி வந்துட்டு நாம கூப்பிட்டாத்தான் வாயைத் தெறக்குது?"

"அவர் எப்பவும் அப்படித்தான். சாப்பிடறீங்களான்னு நான் கேட்டாத்தான் பசிக்குதும்பார்."

வாத்தியார் எழுந்து ஹாப்பர் பக்கம் நடந்தார். பாவாயி பின்னால் போனாள். அவர் இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். தட்டுங்கள் என்று தலையை அசைத்தார்.

அவள் கொட்டாப்புளியை எடுத்துத் தட்டினாள்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

வாத்தியாரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கையை எடுத்த விதம் பாவாயிக்குப் பிடிபட்டது. தூங்குகிற ஒருவர் மேலிருந்து கையை எடுப்பது போல எடுத்தார்.

"ஆமா" என்றார்.

சூப்பர்வைசர் தனபாலுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இழை அறுவது ஒன்றுதான்.

அன்றைக்கும் அறுந்தது. முதலில் இழை மெலிந்துகொண்டே வந்தது. பளபளவென்று வெறும் பிளாஸ்டிக்காக வந்தது. பாவாயி தட்டினாள். உள்ளே என்னவோ சரிந்தது. தேங்கி நின்ற பொடி எல்லாம் தண்ணீர் போலக் குபுக்கென்று மிஷினுக்குள் பாய்ந்தது. இழை வெளுத்தது, தடித்தது, ஒடிந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

தனபால் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார்.

"பாவாயக்கா, இது இழைங்களா, பல்லு வெளக்கற குச்சிங்களா?"

பாவாயி ஒடிந்த துண்டுகளைத் தொட்டியிலிருந்து அள்ளினாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகோணும். இல்லீன்னா இந்த ஹாப்பரை கேஸ் வெச்சு அறுத்துக் காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லி முதலாளி சொல்லிட்டார். உங்களுக்கும் நல்லதுதானேக்கா. இதைப் பார்த்துட்டே எத்தனை நாளைக்கு நிப்பீங்க?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அவர் போனதும் அவள் வாத்தியாரின் முன்னால் வந்து நின்றாள்.

"இதை அறுக்கக் கூடாதுங்க."

"சரி."

"அதுக்கு இழை அறாம வரோணும். எப்படீன்னு சொல்லிக் குடுங்க."

"முதல்ல அந்தக் கொட்டாப்புளியைக் கீழ வைங்க."

"அது மட்டும் முடியாதுங்க."

"ஏன்?"

பாவாயி சுற்றிலும் பார்த்தாள். மிஷின் இரைச்சலில் எல்லோரும் வாயசைவைப் பார்த்தே பேசும் இடத்தில் ரகசியத்துக்கு முதுகைத் திருப்பினால் போதும். அவள் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு அவர் உள்ளாற இருந்து தட்டியிருப்பார்."

வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய இருந்தவங்களும் தட்டினாங்க. பொடிக்காகத் தட்டினாங்க. அவருக்குப் பதிலுக்குன்னு ஒருத்தரும் தட்டல. இப்ப தட்டறார். நானும் கேக்காத மாதர நிக்கச் சொல்றீங்களா?"

"நீங்க தட்டறதாலதான் இழை அறுது."

"தட்டாட்டி அவருக்கு ஆர் இருக்கறாங்க?"

வாத்தியார் ஹாப்பர் பக்கம் நடந்தார். ஏணியைக் காட்டினார்.

இருவரும் மேலே ஏறியதும் வாத்தியார் மூடியைத் திறந்தார். உள்ளே பொடி விளிம்பு வரை நின்றது. ஒரு சுருக்கம் இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டியைக் கட்டிலில் விரித்தது போல இருந்தது.

"நிறைஞ்சிருக்குதா அக்கா?"

"நிறைஞ்சிருக்குதுங்க."

அவர் ஒரு நீளமான மூங்கில் குச்சியை எடுத்து நடுவில் வைத்து மெதுவாக அழுத்தினார். முழங்கை ஆழம் வரை பிடித்தது. பிறகு வழுக்கிக்கொண்டு போனது. குச்சி முழுவதும் உள்ளே போயும் அதன் நுனி எதிலும் படவில்லை.

அவர் குச்சியை உருவினார். குத்திய ஓட்டை வழியாகக் காற்று வந்தது. குளிர்ந்த காற்று. நெடுநேரம் அடக்கி வைத்திருந்ததை ஒருவர் அவள் முகத்துக்கு நேராக விட்டது போல இருந்தது.

பாவாயி ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைஞ்சிருக்குதா?" என்று வாத்தியார் மறுபடி கேட்டார்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"உள்ளாற வெத்தா இருக்கற இந்தப் பொக்கை எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்க."

"உழக்குல அரிசி அளக்கறப்ப தட்டித் தட்டி அளந்தா என்ன ஆகும்?"

"இன்னும் ஒரு கை பிடிக்கும். இறுகிக்கும்."

வாத்தியார் மூடியைப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் பாவாயி கொட்டாப்புளியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். யாரும் சொல்லாமல் தானாகவே வைத்தாள்.

பொடி கொஞ்ச நேரம் இறங்கியது. பிறகு நின்றது. இழை மெலிந்தது.

அவள் இரும்பில் காதை வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாதது சும்மா இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. கையைப் பார்த்தபோது கொட்டாப்புளி கையில் இருந்தது. தட்டி முடித்திருந்தாள்.

உள்ளிருந்து வேகமாக இரண்டு. ஒரு மூச்சு. மெதுவாக ஒன்று.

அவள் நெற்றியை இரும்பில் சாய்த்துக்கொண்டாள். பின்னால் இழை ஒடிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

வாத்தியார் திட்டவில்லை. ஒடிந்ததைக் கூட்டி அள்ளினார்.

"ஞாயித்துக்கெழமை மிஷின் லீவு" என்றார். "ஹாப்பரைக் காலி பண்ணிடறேன். நீங்க வாங்க. உள்ளாற எறங்கோணும்."

"நானுங்களா?"

"ஹாப்பரோட பக்கக் கதவு சின்னது. என் ஒடம்பு நுழையாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி அமைதியாக இருந்தது. அந்த இடத்தில் காக்கை கத்துவது அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

ஹாப்பர் காலியாக இருந்தது. அடிவாயும் பக்கக் கதவும் திறந்து கிடந்தன. வாத்தியார் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"சுவத்துல ஒட்டியிருக்கறதைத் தேச்சுத் தள்ளிடுங்க."

"உள்ளாற இருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதுங்களே."

"கயிறு என் கையில இருக்குது. இழுங்க."

அவள் தலையை நுழைத்தாள், பிறகு உடம்பை. உள்ளே மேலிருந்து ஒரு வட்ட வெளிச்சம் விழுந்தது. கால் வைக்கச் சரிவுதான் இருந்தது. கண் பழகியதும் சுவரைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியில் அத்தனை வருஷமும் தட்டித் தட்டி இரும்பு குழி விழுந்திருந்தது. வெளியில் குழி என்றால் உள்ளே மேடு. சுவர் முழுக்க மேடுகள். ஒவ்வொன்றும் மடக்கிய கையின் விரல் முட்டி அளவு. நாலு பக்கமும் முட்டி. தலைக்கு மேலும் முட்டி. நூறு பேர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, இரும்பு வழியாகக் கையை அழுத்தி அவளை நோக்கித் தட்டிக்கொண்டிருந்தது போல இருந்தது.

ஒவ்வொரு முட்டியின் மேலும் பொடி உட்கார்ந்திருந்தது. குருவி உட்காருவது போல, சின்னச் சின்னக் கட்டியாக.

அவள் தேய்க்கத் தொடங்கினாள்.

இடது பக்கம் தாழ்வாக ஒரு வரிசை இருந்தது. மற்றவர்கள் கை போகாத இடம். இடது கைக்காரரான குழந்தைவேல்தான் அங்கே தட்டியிருக்க முடியும். பாவாயி அந்த மேடுகளைப் பிரஷ்ஷால் தொடவில்லை. உள்ளங்கையால் துடைத்தாள்.

கட்டிகள் உதிர்ந்தன. சரிவில் உருண்டு அடி இரும்பில் மோதின.

வேகமாக இரண்டு. ஒரு மூச்சு. மெதுவாக ஒன்று.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் இரும்பு அலறியது.

அது சத்தம் மாதிரியே இல்லை. தலைக்குள் யாரோ கல்லைப் போட்டது போல இருந்தது. வெளியிலிருந்து வாத்தியார் கொட்டாப்புளியால் ஒரு போடு போட்டிருந்தார். மேலே அவள் இன்னும் தேய்க்காத மேடுகளில் இருந்த அத்தனை பொடியும் ஒரே சமயத்தில் கிளம்பியது.

வெளிச்ச வட்டம் மறைந்தது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். துணியைத் தாண்டிப் பொடி மூக்குக்குள் ஏறியது. கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மாவாகியது.

கயிறு ஞாபகத்துக்கு வரவில்லை. கை தானாகப் போய் இரும்பைத் தட்டியது.

வேகமாக இரண்டு. மூச்சு இல்லை. எப்படியோ ஒன்று.

போதும், நிறுத்துங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் கிடைக்கவில்லை.

உடனே பதில் வந்தது. வெளியிலிருந்து இன்னொரு போடு.

இன்னும் பொடி விழுந்தது.

அவள் அழுதுகொண்டே இடுப்பைத் தடவிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே இழுத்துப்போட்ட பிறகு பாவாயி வெகுநேரம் இருமினாள். வாத்தியார் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். துப்பியது பால் போல இருந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, கண் இரண்டு மட்டும் சிவப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துங்கன்னு தட்டினேன்" என்றாள்.

"தெரியும். இரும்புல கை வெச்சிருந்தேன்."

"தெரிஞ்சுமா மறுபடி அடிச்சீங்க?"

"ஆமா."

"எதுக்குங்க?"

"நீங்க தட்டினீங்க. பதில் சொன்னேன்."

பாவாயி அவரையே பார்த்தாள். பிறகு ஹாப்பரைப் பார்த்தாள். பிறகு தன் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தாள்.

வெயில் ஏறியது. வாத்தியார் அவளை எழுப்பவில்லை. கடைசியில் அவளே எழுந்தாள்.

"இன்னும் என்ன பண்ணோணும்?"

வாத்தியார் வழவழப்பான பிளாஸ்டிக் தகடுகளைக் காட்டினார். ஹாப்பரின் சரிவுக்கு ஏற்றபடி வெட்டி வைத்திருந்தார்.

"மேடெல்லாம் மறையற மாதர இதை உள்ளாற பதிக்கோணும். இன்னொரு தடவை எறங்கோணும் அக்கா."

அவள் பக்கக் கதவைப் பார்த்துத் தயங்கினாள்.

"கொட்டாப்புளி எங்கீங்க?"

அவர் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "உள்ளாற கொண்டு போயிடுங்க."

அவள் கொண்டுபோனாள்.

தகடு பதித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இடது பக்கம் தாழ்வாக இருந்த அந்த வரிசையை மூடும் முன் அவள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் கயிற்றை இழுத்துக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கொட்டாப்புளியை அவள் திரும்ப மாட்டவில்லை; வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

திங்கட்கிழமை காலையில் கேஸ் வெல்டர் சிலிண்டரோடு வந்துவிட்டார். ஹாப்பருக்கு எதிரில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்.

"எங்க இருந்து அறுக்கறதுங்க? மேல இருந்தா, கீழ இருந்தா?" என்று தனபாலைக் கேட்டார்.

"பொறுங்க. பாவாயக்கா ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறாங்களாம். பார்த்துட்டுப் போகட்டும்."

வாத்தியார் ஹாப்பரைப் பாதிக்கு மேல் நிரப்ப விடவில்லை. "கொஞ்சங் கொஞ்சமாக் கொட்டுங்க. அடிக்கடி கொட்டுங்க" என்று மேலே நின்ற ஆளிடம் சொல்லியிருந்தார்.

மிஷின் ஓடியது. இழை வந்தது. வெள்ளையாக, ஒரே கனமாக, தண்ணீருக்குள் வளைந்து அந்தப் பக்கம் ஏறிப் போனது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலைப் பொழுது பாதி கடந்த பிறகு இழை லேசாக மெலிந்தது. பளபளப்பு ஏறியது.

"நின்னு போச்சு" என்றார் தனபால். "தட்டுங்கக்கா."

பாவாயி நகரவில்லை.

"கொட்டாப்புளி எங்கே? ஆராச்சும் எடுத்தாங்கப்பா. ஒரு தட்டு தட்டினா எறங்கிடும்."

ஓர் ஆள் இரும்புக் கம்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாவாயி அவருக்கும் ஹாப்பருக்கும் நடுவில் போய் நின்றாள். முதுகை இரும்பில் சாய்த்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க."

"இழை அறுந்துரும்க்கா. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அறட்டும்."

தனபால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பி வைத்திருந்தவரைக் கையால் தடுத்தார். வெல்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

இழை நூலாகியது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமாகியது.

அவள் முதுகுக்குப் பின்னால் இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே யாரோ நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் நின்றது போலவே, மிகவும் பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு. அவள் விரல்கள் தாமாக மடங்கின. அவள் அவற்றை விரித்து உள்ளங்கையை இரும்பில் வைத்தாள். தட்டவில்லை. வைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

பிறகு, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல, உள்ளே ஓர் அசைவு.

அது அவள் கையைத் தொட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல், கடந்து போனது.

இழை தடித்தது. வெளுத்தது. ஒடியவில்லை. தண்ணீரில் வளைந்து அந்தப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

தனபால் இழையைத் தொட்டுப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். வெல்டரிடம் எதுவோ சொன்னார். அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியே போனார்.

மதியம் வரை ஒடியவில்லை. சாயங்காலம் வரை ஒடியவில்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் கை கழுவப் போனார்கள். பாவாயி ஹாப்பரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பொடி இறங்கும் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது. காலையில் பின்னால் நின்ற அந்த ஆள் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அமைதியும் இல்லை.

வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார்.

அவள் திரும்பினாள். உதடு மட்டும் அசைந்தது.

"தட்டறதே இல்லீங்களே. எங்க போயிட்டார்?"

வாத்தியார் அடிவாய்ப் பக்கம் பார்த்தார்.

"வழி தெறந்து கெடக்கறப்ப, உள்ளாற நின்னு ஆருங்க அக்கா தட்டிட்டிருப்பாங்க?"